கனவில் வரும் இருட்டைப் படிப்பது எப்படி

அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தபோது எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. ஒரு சின்ன அறை. கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது. கும்மிருட்டு, முகத்துக்கு நேரே நீட்டிய கைகூடத் தெரியவில்லை. நான் நிற்கிறேன், அவ்வளவுதான் கனவு. விழிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்னொரு சாவுக்கு அறிகுறியோ என்று பயந்து, கையில் கிடைத்த கனவுப் பலன் புத்தகங்களைப் புரட்டினேன். இருள் என்றால் துன்பம் என்றது ஒன்று. மறைந்திருக்கும் எதிரி என்றது இன்னொன்று. பயம் கூடியதுதான் மிச்சம்.

ஐந்தாவது முறை வந்தபோது கனவில் ஒரு வாடை இருந்தது. வினிகர் மாதிரி, மூக்கைக் குத்துகிற புளிப்பு வாடை. எழுந்து உட்கார்ந்ததுமே புரிந்துவிட்டது. அப்பா புகைப்படக்காரர். வீட்டின் பின்பக்கம் ஓர் இருட்டறை வைத்திருந்தார். படங்களை அச்சுப்போடும்போது சிவப்பு விளக்கு எரியும். ஆனால் கேமராவிலிருந்து ஃபிலிமை எடுத்து, சுருளில் ஏற்றி, டப்பாவுக்குள் வைத்து மூடும்வரை எந்த விளக்கும் கூடாது, அந்தச் சிவப்பும் கூடாது. எட்டு வயதில் அடம்பிடித்து உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்பேன். "அசையாம நில்லு கண்ணு, ரெண்டே நிமிஷம்" என்பார். ஃபிலிம் சுருளில் ஏறும் சத்தம் மட்டும் கேட்கும். கனவில் நான் நின்றது அங்கேதான். அங்கே நான் ஒருநாளும் பயந்ததில்லை. படபடப்பு எல்லாம் கண் விழித்த பிறகு வந்தது.

அன்று தொடங்கி 14 வருடமாகக் கனவுகளைக் குறித்து வைக்கிறேன். இப்போது 11ஆவது நோட்டு ஓடுகிறது. இரவோ இருட்டோ வரும் பக்கங்களின் மூலையை மட்டும் மடித்து வைப்பேன். தெரிந்தவர்கள் சிலரும் தங்கள் கனவுகளை என்னிடம் சொல்வார்கள். அவற்றைப் படிக்க நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். என் அனுபவத்தில் இருட்டுக்குப் பொதுவான பலன் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கனவிலும் அது யாருடைய இருட்டு, அதற்குள் அவர் என்ன செய்தார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுந்ததும் விளக்கைப் போடாதீர்கள்

தலையணைக்கு அருகில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பேனா வேண்டாம், படுத்தபடி எழுதினால் மை வராது. போனும் வேண்டாம். திரை வெளிச்சம் கண்ணில் பட்டதும், அதில் வந்திருக்கும் செய்திகளைப் பார்த்ததும் கனவு போய்விடும். விழித்ததும் புரண்டு படுக்காமல், கண்ணைத் திறக்காமல், கடைசியாகப் பார்த்த காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அப்புறம் அரையிருட்டிலேயே கிறுக்குங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை, காலையில் படிக்க முடிந்தால் போதும்.

எந்த நேரத்தில் விழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கட்டங்கள் உண்டு என்று அறிவித்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலும் தெளிவான கனவைச் சொல்வார்கள். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. விடியலை நெருங்க நெருங்க இந்தக் கண்ணசைவுக் கட்டம் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நாம் சொல்வதைப் போலவே, நள்ளிரவுக்குப் பிந்திய கனவே மெய் என்று பழைய ரோமானியரும் நம்பினார்கள். நீண்டு, தெளிவாக, விழிப்புக்கு மிக அருகில் வருவதால் அந்தக் கனவுகளுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. கனவுக்குள் என்ன உணர்ந்தீர்கள் என்பதை ஒரு வரியிலும், விழித்த பிறகு என்ன உணர்ந்தீர்கள் என்பதை வேறொரு வரியிலும் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். நான் ஐந்து வாரம் பயந்தது இந்த இரண்டையும் கலந்ததால்தான். இருட்டு என்று எழுதியவுடன் கை தானாகவே 'பயம்' என்று சேர்க்கும். அந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி, கனவுக்குள் உடம்பு எப்படி இருந்தது என்று கேளுங்கள். மூச்சு வேகமாக இருந்ததா? கால் ஓடப் பார்த்ததா? தோள் தளர்ந்திருந்ததா? மனதைவிட உடம்பு சரியாகச் சொல்லும்.

எந்தச் சொல் முதலில் வந்தது?

இந்த விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரவு, இருள், இருட்டு, கும்மிருட்டு, மையிருட்டு, அந்தி, கருக்கல், நள்ளிரவு, சாமம், வைகறை, நிழல் என்று எத்தனை சொற்கள்! கிறுக்கும்போது இவற்றில் எது தானாக வந்ததோ அதை மாற்றாதீர்கள். 'நள்ளிரவு' என்று எழுதினால் உங்கள் கனவில் நேரம் முக்கியம். எதற்கோ தாமதமாகிவிட்டது, அல்லது எல்லாரும் தூங்க நீங்கள் மட்டும் விழித்திருக்கிறீர்கள். 'மையிருட்டு' என்றால் நேரம் பற்றிப் பேச்சே இல்லை, பார்வை போய்விட்டது என்பதுதான் செய்தி. 'கருக்கல்' என்று எழுதுகிறவர்களிடம் நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பேன்: அது விடியப்போகும் கருக்கலா, இருட்டப்போகும் கருக்கலா? வேலையை விடுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவித்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தக் கேள்விக்கு வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "கனவுல எனக்கே தெரியல, அதான் நடக்காம நின்னுட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் எந்த விளக்கமும் சொல்லத் தேவைப்படவில்லை.

இரவு என்பது பொழுது, இருட்டு என்பது நிலை. நட்சத்திரங்களோடு திறந்து கிடக்கும் இரவும், கண்ணைக் கட்டியதுபோன்ற இருட்டும் ஒரே அடையாளம் ஆகாது. பலன் புத்தகங்கள் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகின்றன.

முதலில் உடம்பையும் அறையையும் விசாரியுங்கள்

ஆழமான அர்த்தம் தேடுவதற்கு முன் சாதாரணக் காரணங்களைக் கழித்துவிட வேண்டும். போர்வை முகத்தை மூடியிருந்ததா? படுக்கும் முன் இருட்டில் நடக்கும் திகில் படம் ஏதாவது பார்த்தீர்களா? முந்தைய நாளின் மிச்சங்கள் கனவுக்குள் வருவதைப் பற்றி உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1900ஆம் ஆண்டு தேதியிட்டு வெளிவந்த தன் நூலில் விரிவாகவே பேசுகிறார். அவருடைய மற்ற முடிவுகளை ஏற்காதவர்கள்கூட இதை ஏற்பார்கள். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் கனவுகளைக் கடுமையாக்குவதுண்டு. புது மாத்திரை தொடங்கிய பிறகு கனவுகள் கறுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அறை இருட்டாக இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, மூலையில் யாரோ நிற்கிறார்கள், உடம்பை அசைக்கவே முடியவில்லை என்றால் அது வேறு கணக்கு. கனவுக் கட்டத்தில், நாம் கனவை நடித்துப் பார்த்து அடிபடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். தூக்கமின்மையும் மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். அந்த உருவத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம்.

இருட்டு எங்கே இருந்தது?

இனிதான் உண்மையான வாசிப்பு. இருட்டு எந்த இடத்தில் இருந்தது என்று பாருங்கள்: வானத்திலா, வழியிலா, வீட்டுக்குள்ளா, தண்ணீருக்கு அடியிலா, அல்லது உங்கள் கண்ணிலேயேவா?

வீட்டுக்குள் ஓர் அறை மட்டும் இருட்டாக இருக்கும் கனவு என் நோட்டுகளில் அதிகம். இதில் அந்த அறை யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. நாம் வாழ்ந்த வீடா, இல்லாத வீடா? பழகிய வீட்டில் பழகாத அறை ஒன்று திடீரென்று முளைத்து, அது மட்டும் இருட்டாக இருந்தால், விழிப்பில் நீங்கள் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் விஷயம் எது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் அதுதான். யோசித்து யோசித்துப் பிடித்த பதில் பெரும்பாலும் தவறு. இது என் சொந்தக் கணிப்பு. ஆனால் எனக்கு இது பலமுறை சரியாக வந்திருக்கிறது.

வழி இருட்டாக இருந்தால், அடுத்த அடி எப்படி வைத்தீர்கள் என்று பாருங்கள். முகப்பு விளக்கு எரியாத காரை இரவில் ஓட்டிக்கொண்டே போகும் கனவு என் தோழிக்கு வரும். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லடி, ரோடு எனக்கு மனப்பாடம். பின்சீட்டுல குழந்தைங்க இருந்தாங்க, அவங்க பயந்துடக் கூடாதேன்னுதான் இருந்துச்சு" என்றாள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது. இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு 'எதிர்காலம் தெரியவில்லை' என்று விளக்கம் சொல்லியிருந்தால் பின்சீட்டைக் கோட்டைவிட்டிருப்போம்.

கிணறு, சுரங்கம், கடலடி இருட்டு எனக்கு அதிகம் வந்ததில்லை. கேட்டவரையில், கீழே போனீர்களா விழுந்தீர்களா என்ற வித்தியாசம் போதும்.

பகலில் திடீரென்று இருட்டிக்கொண்டு வரும் கனவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தில், கண்ணகி நீதி கேட்டு வருவதற்கு முன்பு பாண்டியன் தேவி கெட்ட கனவு ஒன்று கண்டதாகச் சொல்கிறாள். செங்கோலும் வெண்குடையும் சாய்கின்றன, வாயில் மணி நடுங்குகிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் விழுகிறது. அவளை நடுங்க வைத்தது வெறும் இரவில்லை. இரவில் வரக்கூடாதது இரவிலும், பகலில் வரக்கூடாதது பகலிலும் வந்த முறைகேடு. உங்கள் கனவிலும் நண்பகலில் இருட்டினால், நடுராத்திரியில் சூரியன் நின்றால், வாழ்க்கையில் எந்த ஒழுங்கு தலைகீழாகி இருக்கிறது என்று தேடுங்கள். யார் செய்ய வேண்டிய வேலையை யார் செய்கிறார்கள்? எது நடக்கக்கூடாத இடத்தில் நடக்கிறது?

ஸ்விட்ச் போட்டும் விளக்கு எரியாத கனவு

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். இருட்டான ஓர் அறைக்குள் நுழைகிறோம், சுவரைத் தடவி ஸ்விட்சைப் போடுகிறோம், எரியவில்லை. மறுபடி மறுபடி தட்டுகிறோம், எரியவே இல்லை. "எனக்கு வாழ்க்கையில் எதுவுமே கைகூடாது என்று அர்த்தமா?" என்று கண்கலங்கக் கேட்டவர்கள் உண்டு.

இதற்குப் பதில் சொல்லும்போது நான் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளரைக் குறிப்பிடுவேன். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்திருக்கும் நிலையை 1975இல் ஆய்வுக்கூடத்தில் கண்ணசைவுச் சைகைகளால் முதன்முதலாகப் பதிவு செய்தவர் அவர். அப்படிப்பட்ட கனவு காண்பவர்களிடம், கனவுக்குள் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவைத்தார். பலரால் முடியவில்லை, விளக்கு எரியவில்லை, அல்லது ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. 1981இல் இதை எழுதினார். ஒரு கனவுக் காட்சிக்கு அந்த நேரத்தில் இவ்வளவுதான் பிரகாசம் என்று ஓர் உச்சவரம்பு இருக்கலாம், அதைத் திடீரென்று கூட்ட முடிவதில்லை என்பது அவர் முன்வைத்த விளக்கம்.

ஆகவே விளக்கு எரியாததை உங்கள் தோல்வியாகப் படிக்காதீர்கள். அது கனவின் இயல்பாகவே இருக்கலாம். படிக்க வேண்டியது அதற்கடுத்த கணத்தை. எரியவில்லை என்றதும் என்ன செய்தீர்கள்? யாரையாவது கூப்பிட்டீர்களா? யாரை? வெளியே ஓடினீர்களா, இருட்டிலேயே உள்ளே நடந்தீர்களா? அந்த ஒரு செயலை மட்டும் தனியாக எழுதி, கடந்த ஒரு மாதத்தில் விழிப்பில் எங்கே இதே மாதிரி செய்தீர்கள் என்று பாருங்கள். என் நோட்டில் ஒன்பது ஸ்விட்ச் கனவுகள் உள்ளன. ஏழில் நான் யாரையும் கூப்பிடவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று என் அக்காவுக்குப் போன் செய்து, இரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்த கடன் விஷயத்தைச் சொன்னேன்.

இருட்டில் யாரோ இருக்கிறார்கள்

இருட்டில் நிற்கும் முகம் தெரியாத ஆள், பின்னால் வரும் காலடி. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் மாணவனாக இருந்தபோது கண்ட கனவொன்றைத் தன் வாழ்க்கை நினைவுகளில் சொல்லியிருக்கிறார். இரவு, மூடுபனி, பலத்த எதிர்க்காற்று. கைகளைக் குவித்து ஒரு சிறு விளக்கைக் காத்தபடி தட்டுத்தடுமாறி நடக்கிறார். பின்னால் ஒரு பெரிய கறுப்பு உருவம் தொடர்ந்து வருகிறது. விழித்த பிறகு தெரிகிறது: தன் கையிலிருந்த அந்தச் சிறு விளக்கே பனியில் விழச்செய்த தன் நிழல்தான் அது. நாம் நம்மிடம் ஒத்துக்கொள்ளாத பகுதிக்குப் பின்னாளில் அவர் 'நிழல்' என்றே பெயர் வைத்தார்.

உங்கள் கனவில் வந்த உருவம் யார் என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி எளியது. பகலில் நோட்டை எடுத்து, அந்த உருவத்தின் இடத்திலிருந்து 'நான்' என்று தொடங்கி ஐந்து வரி எழுதுங்கள். 'நான் உன் பின்னால் வருகிறேன், ஏனென்றால்...' என்று ஆரம்பித்தால் போதும். முதல் இரண்டு வரி நாடகமாக வரும். மூன்றாவதில் உங்களுக்கே தெரியாத ஒன்று வந்துவிடும். எனக்கு வந்தது: 'ஏனென்றால் நீ என்னை விட்டுவிட்டுப் போனாய்.' அப்பா விட்டுச்சென்ற கேமராவை நான் அதுவரை தொட்டே பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கவனம்: உண்மையில் யாராலாவது தாக்கப்பட்டவர்கள் இந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டாம். அவர்களுடைய இருட்டில் நிற்கும் ஆள் நிழல் இல்லை, நினைவு. அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் கூட இருக்க வேண்டும்.

யாருடைய இரவு?

இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவு நூல் எழுதிய ஆர்டெமிடோரஸ், கனவு காண்பவரின் தொழில், வயது, உடல்நிலை, செல்வம் எல்லாவற்றையும் கேட்காமல் பலன் சொல்லக்கூடாது என்று வலியுறுத்தினார். அன்றே தெரிந்திருந்த விஷயம்தான்.

எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் பல வருடமாக இரவுப் பணியில் இருக்கிறார். "இரவுன்னா எனக்கு வேலை அக்கா. கனவுல இரவு வந்தா நிம்மதியா இருக்கும், என்ன செய்யணும்னு கைக்குத் தெரியும். வார்டுல பகல் வெளிச்சம் அடிக்கிற கனவுதான் பயம். ஏதோ விட்டுப்போச்சுன்னு தோணும்" என்றார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் கனவுகளில் பொதுவாகக் காட்சிகள் இருப்பதில்லை. ஒலி, தொடுதல், வாசனை, நடமாட்டம் இவற்றால் ஆனவை அவை. அவர்களுக்கு இருட்டு என்ற சின்னமே நம்மைப்போல வேலை செய்யாது. ஆகவே உங்கள் சொந்தப் பட்டியல் ஒன்று தேவை. கனவைப் பற்றி யோசிக்காமல், ஒரு பகல் பொழுதில் உட்கார்ந்து, வாழ்க்கையில் நீங்கள் இருட்டில் இருந்த தருணங்களில் ஒரு பத்தை எழுதுங்கள். எந்த வயது, யார் கூட, என்ன சத்தம், என்ன வாடை. என் பட்டியலில் முதலாவது அப்பாவின் இருட்டறை. நான்காவது, பிரசவத்துக்குப் பிறகு மகன் தூங்கட்டும் என்று எல்லா விளக்கையும் அணைத்து உட்கார்ந்திருந்த இரவுகள். எட்டாவதை இங்கே எழுத மாட்டேன். கனவில் இருட்டு வரும்போது முதலில் இந்தப் பட்டியலைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

அதே கனவு விடாமல் வந்தால்

அர்த்தம் புரிந்த பிறகும் ஒரு கெட்ட கனவு நிற்காமல் போகலாம். அப்போது அதை விளக்குவதை விட்டுவிட்டு மாற்றி எழுதுங்கள். கெட்ட கனவுகளுக்கு உளவியலாளர்கள் பயன்படுத்தும் முறை இது. பேரி கிராக்கோவும் அவர் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து, பலன் இருப்பதை 2001இல் வெளியிட்டார்கள். பகலில், தூக்கத்துக்கு வெகு முன்னால், கனவை எழுதுங்கள். எந்த இடத்தில் வேண்டுமானாலும், உங்களுக்குப் பிடித்தபடி மாற்றுங்கள். மாற்றியதை மட்டும் தினமும் பத்திருபது நிமிடம் கண்மூடி மனதில் ஓட்டுங்கள். பழையதைத் திரும்பப் படிக்காதீர்கள். முதலில் மிகக் கொடிய கனவை எடுக்காமல், கொஞ்சம் லேசானதில் பழகுங்கள்.

இருட்டைக் கட்டாயம் வெளிச்சமாக மாற்றத் தேவையில்லை. வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் சூரியனைக் கொண்டுவந்து வைப்பார்கள். என் அனுபவத்தில் அது ஒட்டுவதில்லை. ஒரு கைப்பிடிச் சுவர், தெரிந்த குரல், காலுக்குச் செருப்பு என்று சின்னதாக ஒன்றைச் சேருங்கள். கெட்ட கனவுகள் வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால், படுக்கவே பயம் வந்தால், தூக்கத்தில் கை கால்களை வீசி அடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூலை மடித்த பக்கங்களை மட்டும் ஒரே அமர்வில் படியுங்கள். தனித்தனியாகத் தெரியாதது வரிசையில் தெரியும்: இருட்டு வீட்டுக்குள்ளிருந்து வெளியே நகர்ந்திருக்கிறதா, கூட யாராவது வர ஆரம்பித்திருக்கிறார்களா, நிற்பது நடப்பதாக மாறியிருக்கிறதா. போன மாதம் படித்தபோது, அப்பாவின் இருட்டறை நாலு வருடம் கழித்து மறுபடி வந்திருந்ததைப் பார்த்தேன். அதே வாடை, அதே கும்மிருட்டு. குறிப்பில் கோணல்மாணலாக ஒரே வரி: 'சுருள் என் கையில் இருக்கிறது, ஃபிலிமை நான் ஏற்றுகிறேன்.'